கல்லீரல் கட்டி எல்லாம் கல்லீரல் புற்றுநோயா?

"அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி, டாக்டர் இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார், அது எப்படிங்க கட்டியா வரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வரும். இரத்தப் புற்றுநோய் என்றால் லுகேமியா மட்டுமில்லை, நிணநீர் செல்களில் தோன்றும் லிம்போமாவும் அந்தக் குடும்பம்தான். லுகேமியா பெரும்பாலும் கல்லீரல் முழுக்கப் பரவி அதை வீங்க வைக்கும். லிம்போமாவோ தனிக் கட்டியாகவும் வரும்.

முதலில் சிடி ஸ்கேன். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால்வாசி, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஆனால் கல்லீரல் செல்லிலேயே பிறந்த புற்றுநோய் தமனி இரத்தத்தையே நம்பி வளரும், அதனால் சாயம் ஏற்றியதும் முதலில் பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கிவிடும். லிம்போமா பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே மங்கல்தான், இரத்தக்குழாய்களையும் நெரிக்காது. ரத்தப் பரிசோதனையில் ஏஎஃப்பி என்ற புரதம் ஏறியிருந்தால் கல்லீரல் புற்றுநோய்ப் பக்கம் சந்தேகம் போகும், ஏஎஃப்பி சரியாக இருந்து எல்டிஎச் என்ற நொதி மட்டும் எகிறியிருந்தால் லிம்போமா பக்கம்.

எனக்குப் பிடித்த இடம் பெட் ஸ்கேன். எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். செல் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து, ஹெக்ஸோகைனேஸ் நொதியால் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பாஸ்பேட் ஒட்டினால் வெளியே வர முடியாது, மேற்கொண்டு எரிக்கவும் முடியாது, பூட்டிய அறைக்குள் சிக்கின மாதிரி. பசியோடு இருக்கும் லிம்போமா செல்களில் இது குவிந்து கட்டி ஜொலிக்கும். ஆனால் நாம் பட்டினி கிடக்கும்போது இரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது கல்லீரலின் வேலை, அதற்காக அந்த பாஸ்பேட்டைக் கழற்றும் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்ற நொதி, அதாவது பூட்டுக்கான சாவி, கல்லீரல் செல்லிடம் உண்டு. புற்றுநோயாக மாறிய பிறகும், அதிகம் உருமாறாத கல்லீரல் செல்கள் இந்தப் பழைய வேலையை மறப்பதில்லை! சர்க்கரை வெளியே கசிந்துவிட, கட்டி இருந்தும் பெட்டில் தெரியாமல் போகலாம். முரட்டுத்தனமாக உருமாறியவை சாவியைத் தொலைத்துவிடும், அவையும் ஜொலிக்கும். ஆகவே பெட் மட்டும் தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்பு பயாப்சியில்தான், அதாவது ஊசியால் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பதில். செல்லின் அடையாளப் புரதங்களைக் காட்டும் சாயங்களில் சிடி45, சிடி20 ஏறினால் பி-செல் (ஒருவகை வெள்ளையணு) லிம்போமா, ஆர்ஜினேஸ்-1 அல்லது ஹெப்பார்-1 ஏறினால் கல்லீரல் செல். "ஊசி பட்டால் பரவும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள், அதைக் கேட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. கல்லீரல் புற்றுநோயில் ஊசித் தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்வது சிறு அளவில் உண்மைதான். அதனால்தான் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிய நிலை) உள்ளவருக்கு ஸ்கேன் தெளிவாக இருந்தால் பயாப்சியே கேட்பதில்லை. லிம்போமாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் சிகிச்சையே வேறு: கல்லீரல் புற்றுநோயை வெட்டி எடுக்கப் பார்ப்பார்கள், அல்லது கல்லீரலையே மாற்றுவார்கள். லிம்போமாவுக்குக் கீமோதெரபிதான் முதன்மை. இன்னொன்று, லிம்போமா சந்தேகம் இருக்கும்போது பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கினால் கட்டி சுருங்கி, ஊசியில் ஒன்றும் சிக்காமல் போகலாம். அப்பா வேறு எதற்காவது ஸ்டீராய்டு எடுக்கிறார் என்றால் அதை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.