கீமோவுக்கு ஒரு தினசரி காலண்டர்

பெரியம்மாவுக்குப் புற்றுநோய்க்கான முதல் கீமோ போடும் நாளன்று, காலண்டரில் ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினார். டே கேர் வார்டில் மருந்து ஏற்றத் தொடங்கியபோது எமகண்டம் பிறந்திருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மாலையில் கிளம்பும்போது செவிலியர் ஒரு தாளில் சில நாட்களைக் குறித்துக் கொடுத்தார். குமட்டல் இத்தனையாம் நாள் வரை, வாய்ப்புண் இந்த நாள் வாக்கில், ரத்தப் பரிசோதனை இன்ன தேதி, மூன்றாம் வாரத்தில் முடி கொட்டும். "ஜோசியக்காரர் தோற்றார்" என்று பெரியம்மா சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தேதிகளையெல்லாம் காலண்டர் தாள்களில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்தார். பதினாறாம் நாள் காலை தலையணை உறை முழுக்க முடி.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? ஒவ்வொரு பக்கவிளைவுக்குப் பின்னாலும் ஒரு செல் இருக்கிறது. அந்தச் செல்லின் ஆயுள்தான் தேதியைக் குறிக்கிறது.

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய இரு மருந்துகள், 21 நாளுக்கு ஒரு முறையாக நான்கு முறை. டாக்சோரூபிசின் நல்ல ரோஸ்மில்க் சிவப்பு. செவிலியர் பெரிய சிரிஞ்சில் அதை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார். "எரியுதாம்மா, எரியுதாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் மருந்து அது. ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லியிருக்காவிட்டால் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு ஓடியிருப்போம்.

இந்த மருந்துகளுக்குப் புற்றுநோய்ச் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. டாக்சோரூபிசின் டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு இடையே செருகிக்கொள்ளும். சைக்ளோபாஸ்பமைடு அந்த ஏணியின் இரண்டு இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடும். சும்மா இருக்கும் செல்லுக்கு இதனால் பெரும்பாலும் ஆபத்து குறைவு. இரண்டாகப் பிரிய முயலும் செல்தான் மாட்டிக்கொள்ளும். நம் உடம்பில் ஓய்வே இல்லாமல் பிரிந்துகொண்டிருப்பவை ரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜை, வாயிலிருந்து குடல் வரையிலான உட்சவ்வு, முடியின் வேர் ஆகியவை. அடி விழுவதும் அங்கேதான்.

குமட்டல் மட்டும் கொஞ்சம் வேறு கணக்கு. அது மருந்து ஏற்றிய சில மணி நேரத்திலேயே வந்துவிடும். நம் உடம்பிலுள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் பெரும்பங்கு மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. கீமோ மருந்து பட்டதும் குடல் சுவரிலுள்ள சில செல்கள் தம்மிடமுள்ள செரட்டோனினைக் கொட்டிவிடும். அது பக்கத்திலுள்ள நரம்பின் நுனியைத் தட்டி, "விஷம் உள்ளே வந்துவிட்டது, வெளியே தள்ளு" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். உடம்பின் பார்வையில் அது பொய்யான செய்தியும் இல்லை. 1990களில் புழக்கத்துக்கு வந்த ஒன்டான்செட்ரான் மாத்திரை, நரம்பு நுனியில் செரட்டோனின் போய் உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நாளுக்குப் பிறகு வரும் குமட்டலில் வேறொரு வேதிப்பொருளின் கை ஓங்கியிருக்கும். அதனால்தான் அதற்கு அப்ரெபிடன்ட் போன்ற வேறு மாத்திரைகள். குமட்டல் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இவற்றை எடுத்து வைக்கக் கூடாது. இடத்தைப் பிடிப்பதில் முந்தியவருக்குத்தான் வெற்றி. ஒன்டான்செட்ரானின் கூடவே பலருக்கு மலச்சிக்கலும் வரும். அதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு குமட்டலும் உண்டு, எந்த மாத்திரைக்கும் லேசில் கட்டுப்படாதது. மூன்றாவது கீமோவுக்குப் போகும்போது, மருத்துவமனைக்குத் திரும்பும் முனையில் ஆட்டோ வளைந்த உடனே பெரியம்மா வாந்தி எடுத்துவிட்டார். அன்று இன்னும் ஊசியே குத்தவில்லை. சாப்பாட்டோடு சேர்த்தே கேட்டுப் பழகியதால் வெறும் மணியோசைக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்கு நேர்ந்ததுதான் இது. சாப்பாட்டிலும் இதே கதை நடக்கும். 1978இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கீமோவுக்கு முன்பு, பழக்கமில்லாத சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், குழந்தைகளுக்கு. பின்னர் அந்த ஐஸ்கிரீமைக் காட்டியபோது பல குழந்தைகள் வேண்டாம் என்று தள்ளினார்கள். தெம்பு வேண்டுமே என்று ஆசை ஆசையாகப் பிடித்த பலகாரத்தைச் செய்து கீமோ அன்று ஊட்டுபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் அப்படித்தான் அடைக்கும் அவியலுக்கும் வழியனுப்பி வைத்தோம். இன்றுவரை அவர் அடையைத் தொடுவதில்லை.

அடுத்த வட்டம், பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை. வார்டில் எல்லோரும் "கவுன்ட்" என்று சொல்வது இதைத்தான்: வெள்ளணுக்களின் எண்ணிக்கை. சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள். ரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்கு ஒரு வாரம், பத்து நாள். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவுக்கோ சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். மஜ்ஜையில் தொழிற்சாலை நின்றாலும் கிடங்கில் இருக்கும் சரக்கு ஒரு வாரத்துக்குக் காணும். அதன் பிறகுதான் கையிருப்பு தீரும். ஆகவே முதல் வாரம் வாந்தியோடு துவண்டு கிடந்தவர், இரண்டாம் வாரம் எழுந்து நடமாடும்போதுதான் உண்மையில் அதிக ஆபத்தில் இருக்கிறார். உறவினர்கள் "இப்ப பரவாயில்லையே" என்று பழக்கூடையோடு வருவதும் அந்த வாரத்தில்தான்.

இந்த நாட்களில் புண் இருந்தாலும் சீழ் அதிகம் பிடிக்காது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தானே! சண்டை போட ஆளில்லாத ஊரில் கலவரச் சத்தம் கேட்காது. மிச்சம் இருக்கும் ஒரே அடையாளம் காய்ச்சல். 100.4 டிகிரியைத் தொட்டால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தால், இருக்கிற ஒரே அடையாளத்தையும் நாமே அழித்துவிடுகிறோம். ஒரு கீமோவுக்கும் அடுத்ததற்கும் இடையே 21 நாள் இருப்பதும் மஜ்ஜைக்காகத்தான். பதினான்காம் நாளுக்குப் பிறகு மேலேறத் தொடங்கும் கவுன்ட் அதற்குள் ஓரளவு பழைய நிலைக்கு வந்துவிடும்.

கவுன்ட் குறைவதிலிருந்தே ஒரு மருந்து பிறந்த கதையும் உண்டு. நம் கொல்லையில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியின் இலை சர்க்கரை நோயைக் குறைக்கும் என்ற நம்பிக்கையை 1950களில் கனடாவில் எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை அசையவில்லை. வெள்ளணுக்கள் சரிந்தன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனதில் வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்து கிடைத்தது. தொடர்ந்து அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் வந்தது. பின்னது இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து மெல்ல வேண்டாம். செடி விஷம். கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் குடிப்பதும் ஆபத்துதான். பல கீமோ மருந்துகளைக் கையாளும் அதே கல்லீரல்தான் கஷாயத்தையும் கையாள வேண்டும்.

இனி முடி.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் 85, 90 சதவீதம் எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கும். மீதிதான் ஓய்வில். முடியின் வேர் தோலுக்குக் கீழே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கேதான் செல்கள் பிரிந்து, அடுக்கடுக்காக மேலே தள்ளப்பட்டு, கெட்டியாகி முடி ஆகின்றன. கீமோ அன்று இந்த உற்பத்தி திடீரென்று தடுமாறும். அன்று உருவாகும் முடித்துண்டு பென்சில் முனைபோல் மெலிந்துவிடும். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. முடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். 4 மில்லிமீட்டரைக் கடக்க அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அந்த மெலிந்த இடம் தோலை ஒட்டி வரும்போது சீப்பு பட்டாலே, தலையணையில் உரசினாலே முடி ஒடியும். மூன்றாம் வாரக் கணக்கு இதுதான். முடி கொட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே பெரியம்மாவுக்குத் தலைத்தோல் வலித்தது. நாள் முழுக்க இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்த்ததுபோல இருக்கிறது என்றார். இதுவும் பலருக்கு வருவதுதான்.

முடி கொட்டினால் மருந்து வேலை செய்கிறது, கொட்டாவிட்டால் செய்யவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. சிஸ்பிளாட்டின் கடுமையான மருந்து, முடியை அதிகம் தொடாது. முடியின் வேர் எப்படித் தாங்குகிறது என்பதும் கட்டி எப்படித் தாங்குகிறது என்பதும் வெவ்வேறு சங்கதிகள்.

கொட்டாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது: குளிர்த்தொப்பி. மருந்து ஏற்றுவதற்கு அரை மணி முன்பே தலையில் மாட்டி, முடிந்த பிறகும் நீண்ட நேரம் வைத்திருப்பார்கள். குளிரில் தலைத்தோலின் ரத்தநாளங்கள் சுருங்கும், அங்கே போகும் மருந்து குறையும். வேரிலுள்ள செல்களின் வேலையும் மந்தமாகும். 2017இல் வெளியான இரண்டு அமெரிக்க ஆய்வுகளில், தொப்பி போட்ட மார்பகப் புற்றுநோயாளிகளில் ஒன்றில் பாதிப்பேருக்கும் மற்றொன்றில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் பாதிக்கு மேல் முடி தங்கியது. டாக்சோரூபிசின் வகை மருந்துகளுக்கு மட்டும் பலன் குறைவு. ரத்தப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்துவதில்லை. சிலர் ஃபுளோரோயுராசில் என்ற கீமோ மருந்தை ஏற்றும்போது வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக்கொள்வதும் இதே தந்திரம்தான், வாய்ப்புண் குறையும். ஆனால் கூடவே ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் ஏறுகிறது என்றால் ஐஸ் ஆகாது. அது குளிரை நரம்புக்கு எதிரியாக்கிவிடும். கேட்காமல் எதையும் செய்யக் கூடாது.

பெரியம்மாவுக்குத் தொப்பி கிடைக்கவில்லை. பதினெட்டாம் நாள், "சீப்பில் தினம் இழவு கேட்க முடியாது, மொத்தமாக எடுத்துவிடு" என்றார். நாவிதரை வீட்டுக்கு அழைத்தோம். கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும் என்று வார்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கவுன்ட் முழுதாக ஏறாத நேரத்தில் ஒரு சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல். விக் வாங்கினோம். மே மாத வெயிலில் அரை மணி தாங்கவில்லை. பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்டதுதான் நின்றது. பஸ்ஸில் ஒரு அம்மா, "பழநியா, திருப்பதியா?" என்று கேட்டார். "அடையாறு" என்றார் பெரியம்மா. பஸ் அடையாறு போகிற பஸ்தான்.

புருவ முடியும் இமை முடியும் அதற்கும் பிறகு உதிர்ந்தன. அவற்றில் எப்போதும் ஓய்வில் இருக்கும் முடிதான் அதிகம். யாரும் முன்கூட்டிச் சொல்லாதது மூக்கு முடி. அதுவும் போய்விடுவதால் மூக்கிலிருந்து தண்ணீர்போல ஒழுகிக்கொண்டே இருந்தது. சளி என்று நினைத்துப் பயந்தோம்.

நான்கு முறை முடிந்து பேக்ளிடாக்சல் என்ற அடுத்த மருந்து தொடங்கியது. வாரம் ஒன்றாக 12 ஊசி. இது டிஎன்ஏவைத் தொடாது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களைப் பிரியவிடாமல் கெட்டியாக்கிவிடும். அதே நுண்குழாய்கள்தான் நரம்புக்குள் சரக்கு போகும் தண்டவாளங்கள். இடுப்பிலிருந்து கால்விரல்வரை ஒரு மீட்டர் நீளம் போகும் நரம்புக்குத்தான் முதல் பாதிப்பு. அதனால் மரத்துப்போவது பாதத்தில் தொடங்கும், பிறகு விரல் நுனி. ஒரு நாள் காலை வாசலில் கோலம் போடக் குனிந்த பெரியம்மா நிமிர்ந்து, "மாவு கையில இருக்கா, கீழ கொட்டிருச்சா?" என்று கேட்டார். மாவு விரலுக்கு நடுவேதான் இருந்தது. அதை அன்றே மருத்துவரிடம் சொன்னோம். அளவைக் குறைத்தார். பொறுத்துக்கொள்கிறேன் என்று மறைத்தால் நரம்பு திரும்பி வருவது கடினமாகிவிடும்.

கடைசி ஊசிக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் தலையில் பூனைமுடி தெரிந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். முன்பு நேராக இருந்தது இப்போது சுருட்டையாக வந்தது. சிலருக்கு அப்படி வரும், நாளடைவில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். மல்லிகைச் சரத்தை ஹேர்பின்னில் நிறுத்த எத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்று பெரியம்மா பேத்தியின் ஸ்கேலை வைத்து அளந்து, காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டார். அந்த நாளுக்கு இரண்டு மாதம் முன்பே பொறுமை தீர்ந்து, நான்கு ஹேர்பின் போட்டு அரை முழம் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். தெருமுனை தாண்டுவதற்குள் சரம் நழுவித் தோளில் விழுந்தது. எடுத்து உதறிவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.