மலையகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர், ஏ9 பாதையில் பைக்கில் இரண்டரை, மூன்று மணித்தியாலத்தில் போய்விடலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர்தான், ஆனால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறிப் போக அதே நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு வாரம் மலையகம் சுற்றக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து கிலோமீற்றரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மணித்தியாலத்தை வைத்துப் போடுங்கள்.

சராசரி வேகத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 60 கிலோமீற்றரில் பாதியை 50 வேகத்திலும் மீதியை 20 வேகத்திலும் ஓடினால் சராசரி 35 என்று மனம் சட்டென்று சொல்லும். கணக்குப் பாருங்கள்: முதல் பாதிக்கு 36 நிமிடம், அடுத்ததற்கு 90 நிமிடம், சராசரி 29 கூட வராது. நேரத்தை விழுங்குவது மெதுவான துண்டுதான். நேர் பாதையில் 50ஐ 70 ஆக்கினாலும் மிச்சமாவது பத்து நிமிடம், அதற்காக உயிரைப் பணயம் வைக்கவே வேண்டாம்.

சரி, அந்த 20ஐக் கூட்டலாமே? வளைவு விடாது. ஆரை 10 மீற்றர் உள்ள கொண்டை ஊசி வளைவில் 20 வேகத்தில் திரும்பும்போதே டயர் தாங்கவேண்டிய பக்கவாட்டு விசை மொத்த எடையில் பத்தில் மூன்று பங்கு. வேகம் 30 ஆனால் அது ஏழு பங்காகிவிடும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மழையில் நனைந்த தார், வளைவில் ஒதுங்கிக் கிடக்கும் மணல், எதிரே நடுக்கோட்டைத் தாண்டி வரும் பஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 20 என்பது சரியான வேகம்தான்.

இறக்கமும் நேரம் மிச்சம் பிடித்துத் தராது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. ஆளும் பொதியும் சேர்த்து 250 கிலோ உள்ள பைக் அவ்வளவு இறங்கும்போது வெளிவிடும் சக்தி பத்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் பெரும்பங்கை பிரேக்கிடம் விட்டால், டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் கொதித்து, பிடி மெத்தென்று உள்ளே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வானம். வெயிலில் சூடான காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்வதால் பிற்பகலில் முகில் கூடும், மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பல நாட்கள் இடிமழையாகவே கொட்டும். காலை ஆறரைக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்வதே நல்லது. பிளேன்டி, சாப்பாடு, படம் எடுப்பது போக ஓட மிஞ்சுவது நாலு மணித்தியாலம், அதாவது 100 முதல் 120 கிலோமீற்றர். களைப்பு நாளுக்கு நாள் சேர்வதால் நாலாம் நாளைச் சும்மா விடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பெய்யும்போது மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை, பதுளை பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் மேற்குப் பக்க நாட்களுக்கு 80 கிலோமீற்றர் போதும், வெலிமடை, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் 120 வைக்கலாம்.