கலைத்திட்டம்: பாடத்திட்டத்துக்கு மேலே ஒரு சொல்

“போர்ஷன் முடிச்சாச்சா?” ஆண்டின் பின்பாதியில் தமிழ்நாட்டு ஆசிரியர் அறைகளில் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. போர்ஷன் என்றால் பரீட்சைக்குள் நடத்தி முடிக்க வேண்டிய பகுதி. அதற்கு மேலே இருப்பது சிலபஸ், அதாவது பாடத்திட்டம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. பி.எட். படித்தவர்கள் அதன் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பார்கள்: கலைத்திட்டம். ஆங்கிலத்தில் கரிகுலம்.

செய்திகளில் இவை எல்லாமே பாடத்திட்டம் ஆகிவிடுகின்றன. “பாடத்திட்டம் மாறுகிறது” என்று தலைப்பைப் பார்த்தால், பாடங்களின் பட்டியல் மட்டும் மாறுகிறதா, பிள்ளைகள் எதை, எதற்காக, எப்படிக் கற்க வேண்டும் என்ற முழு ஏற்பாடும் மாறுகிறதா என்று தெரிவதில்லை. இரண்டுக்கும் இரண்டு சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. பயன்படுத்தத்தான் தயங்குகிறோம்.

கரிகுலம் லத்தீன் சொல். ‘ஓடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. ஓட்டம், பந்தயம், பந்தயத் தேர் எல்லாவற்றையும் அது குறித்தது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ வாழ்க்கை என்னும் ஓட்டத்தைச் சொல்லவும் இதை ஆண்டிருக்கிறார். வேலைக்கு மனுப் போடும்போது இணைக்கிறோமே, அந்த சி.வி.யில் உள்ள ‘சி’ இதே சொல்தான்.

ஓட்டத்தைக் குறித்த சொல் படிப்புக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். கல்வி வரலாற்றாய்வாளர் டேவிட் ஹாமில்டன் தேடிப் பார்த்ததில், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பதிவுகளில் 1582இலும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பதிவுகளில் 1633இலும் அது கிடைக்கிறது. இரண்டும் 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தவாதி கால்வினின் சீர்திருத்தக் கிறித்துவம் வேரூன்றிய ஊர்கள். அவர் வழிவந்தவர்கள் ஒழுங்கில் கண்டிப்பானவர்கள். அதற்கு முன்பு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் தமக்கு வேண்டிய விரிவுரையைக் கேட்டுவிட்டு நடுவிலேயே கிளம்பிப் போவதும் உண்டு. தொடக்கமும் வரிசையும் முடிவும் உள்ள முழுப் படிப்பு, அதை முழுவதும் முடித்தவருக்கே சான்று என்ற எண்ணம் வலுப்பட்டபோது அதற்கொரு பெயர் தேவைப்பட்டது. ஆக, பிறக்கும்போதே கரிகுலம் வெறும் பட்டியலாக இருக்கவில்லை.

1918இல் அமெரிக்கர் பிராங்க்ளின் பாபிட் இதைத் தனி ஆய்வுத்துறையாக்கினார். 1949இல் ரால்ப் டைலர் அதை நான்கு கேள்விகளுக்குள் கொண்டுவந்தார்: பள்ளி எந்த நோக்கங்களை அடைய வேண்டும், அதற்கு எந்தக் கற்றல் அனுபவங்களைத் தர வேண்டும், அவற்றை எப்படி வரிசைப்படுத்த வேண்டும், நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது? இன்றும் கல்வியியல் மாணவர்கள் இந்த நான்கில்தான் தொடங்குகிறார்கள்.

சிலபஸின் கதை வேறு, கொஞ்சம் வேடிக்கையும்கூட. பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருளில் நூலின் பெயர் எழுதித் தொங்கவிடும் தோல் துண்டுக்குக் கிரேக்கத்தில் ‘சிட்டிபா’ என்று பெயர். சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களில் இச்சொல் வருகிறது. அக்கடிதங்கள் 15ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது அது பிழையாகி ‘சில்லபோஸ்’ என்று விழுந்தது. அந்தப் பிழைதான் பட்டியல், தலைப்புத் தொகுப்பு என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ஊர்ப் பள்ளிவரை வந்திருக்கிறது. உலகம் முழுக்க மாணவர்களை மிரட்டும் ஒரு சொல் அச்சுப்பிழையில் பிறந்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

சரி, தமிழுக்கு வருவோம். கலைத்திட்டம் என்றதும் பலர் ஓவியம், நாட்டியத்துக்கான திட்டம் என்று நினைக்கிறார்கள். சொல் பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கலைச்சொல், கலைக்களஞ்சியம், பல்கலைக்கழகம் என்று தயங்காமல்தான் சொல்கிறோம். அங்கெல்லாம் கலை என்பது கற்கும் துறை, அறிவுத்துறை. கலைத்திட்டத்திலும் அதே கலைதான். ‘கல்வித்திட்டம்’ என்று எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது அகன்ற சொல். பள்ளிக் கட்டடம், ஆசிரியர் நியமனம், உதவித்தொகை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இலங்கைத் தமிழர் இதில் நம்மைவிடத் தெளிவு. அங்கே கலைத்திட்டம் என்பது கல்வித்துறை ஆவணங்களிலும் ஆசிரியர் பேச்சிலும் சாதாரணமாகப் புழங்குகிறது. பாடவிதானம் என்ற சொல்லும் கூடவே இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசு ஆவணங்களில் பஞ்சமில்லை. 2017இல் பாடநூல்களை மாற்றும் வேலை தொடங்கியபோது கலைத்திட்ட ஆவணம் தனி, பாடத்திட்டம் தனி என்றுதான் தயாரானது. 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புது நூல்கள் வந்தன. ஊரெல்லாம் பேசியது நூலின் கனத்தையும் அதிலிருந்த கியூ.ஆர். குறியீட்டையும்தான். கலைத்திட்டத்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

சமச்சீர்க் கல்வியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டம் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒரே பாடத்திட்டம், ஒரே பாடநூல், ஒரே தேர்வுக்குள் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஆகஸ்டில்தான் வழக்கு முடிந்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பொதுவானது பாடத்திட்டம். ஒரு பள்ளியில் ஆய்வகம் இருக்கும், இன்னொன்றில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை நடத்துவார். இரண்டு பிள்ளைகளும் ஒரே புத்தகத்தைப் படித்தாலும் அவர்களுக்குக் கிடைக்கும் கலைத்திட்டம் ஒன்றல்ல.

இது என் விதண்டாவாதம் இல்லை. பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை அளக்கும் ‘டிம்ஸ்’ ஆய்வு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அது கலைத்திட்டத்தை மூன்றாகப் பிரிக்கிறது. அரசு வகுத்தது ஒன்று, ஆசிரியர் வகுப்பில் நடத்தியது ஒன்று, பிள்ளைக்குள் போய்ச் சேர்ந்தது ஒன்று. தமிழில் வகுத்த கலைத்திட்டம், நடத்திய கலைத்திட்டம், அடைந்த கலைத்திட்டம் எனலாம். “போர்ஷன் முடிச்சாச்சா?” என்ற கேள்வி இரண்டாவதோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவதில்தான் அண்மை ஆய்வுகள் குவிகின்றன. பொருளாதார ஆய்வாளர்கள் லாண்ட் பிரிட்செட்டும் அமாண்டா பீட்டியும் 2012இல் ஓர் ஆய்வறிக்கையில், வளரும் நாடுகளில் கலைத்திட்டம் பிள்ளைகளைவிட வேகமாக ஓடுகிறது, பின்தங்கியவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், வேகத்தைக் குறைத்தால் மொத்தத்தில் அதிகம் கற்பார்கள் என்று வாதிட்டார்கள். டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கானிமியன் மூவரும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 6ஆம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மேல்வகுப்புக்குப் போகப் போக இடைவெளி இன்னும் விரிந்தது. பின்ன வகுத்தலைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிடலாம். எதிரே இருப்பவருக்கு இரண்டு இலக்கக் கழித்தலே வரவில்லை என்றால் அந்தப் போர்ஷன் யாருக்காக முடிந்தது? வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து கற்பிக்கும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையும், தமிழ்நாடு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்த இடைவெளியை நோக்கியே வந்தவை.

எந்த ஆவணத்திலும் எழுதப்படாத இன்னொரு வகையும் உண்டு. 1968இல் அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் பெயரிட்டது, தமிழில் மறைகலைத்திட்டம். வரிசையில் நிற்பது, கேட்டால் மட்டும் பேசுவது, பெருக்கச் சொன்னால் பெண் பிள்ளைகள் எழுந்திருப்பது, முதல் பெஞ்ச் யாருக்கு என்று சொல்லாமலே தெரிந்துகொள்வது. பள்ளி இவற்றையும் கற்பிக்கிறது, பெரும்பாலும் கணக்கைவிட நன்றாகவே. ‘மறைபாடத்திட்டம்’ என்று இதை எழுதிப் பாருங்கள், பொருளே வராது.

கடைசியாக விளையாட்டு, இசை, மன்றங்கள். இலங்கையில் இவற்றை இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்கிறார்கள், இங்கே கல்வி இணைச் செயல்பாடுகள். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே கலை, உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றைக் கலைத்திட்டத்துக்கு உள்ளேதான் வைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பாடம், பாட இணை, பாடப் புறம் என்ற கறாரான பிரிவினையே வேண்டாம் என்றது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், இந்த ஒரு வரியில் சண்டைக்கு இடமில்லை. ஆவணப்படி ‘இணை’ என்ற சொல் இனி தேவையில்லை. நடைமுறையில், பொதுத்தேர்வு நெருங்கியதும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.