உபவாச ஜெபத்துக்கு முன் மிஸ்ஸியிடமும் ஒரு வார்த்தை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்கு மத்தியில் பல வருடமாகத் தாதியாக, அவர்கள் வாயில் 'மிஸ்ஸி'யாக, வேலை செய்கிறேன். நானும் ஜெபிக்கிறவள்தான். விடியற்காலையில் முழங்கால் போடாமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு விடுப்பு நாள். செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு வீட்டில் உபவாச ஜெபம். பத்தரை மணி இருக்கும். பாட்டு முடிந்து எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள அக்காவின் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஏதோ சொல்ல வந்தார், வாய் குழறியது. "ஆவியானவர் தொடுறாரு, விடுங்க" என்றார் பின்னாலிருந்த ஒருவர். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. பையிலிருந்த சர்க்கரை மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தால் 2.6 மில்லிமோல்.

இரத்தத்தில் சர்க்கரை 4-க்குக் கீழே போனாலே ஆபத்து. அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்க வைத்தோம். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, 4-ஐத் தாண்டிய பிறகு ரொட்டி கொடுத்தோம். அவர் நினைவோடு இருந்ததால் வாய்வழியே கொடுக்க முடிந்தது. மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டும்.

தெளிந்ததும் அவர் கேட்டார்: "எந்த நாளும் மாத்திரையை விடக்கூடாதுன்னு நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க?"

உண்மைதான். சொன்னேன். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று மட்டும் சொல்லித் தரவில்லை. அது என் மனதை இன்றும் அறுக்கிறது.

அவர் போட்டது கிளிக்லசைட். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. நீங்கள் பசியாறினீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் தன் மாத்திரையின் பெயர் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "வெள்ளை மாத்திரை மிஸ்ஸி" என்பார்கள். எல்லாமே வெள்ளைதான்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கூடி உபவாசம் இருந்தால், அந்த வட்டத்தில் சுமார் மூன்று பேருக்கு அது இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்துக்கு முன்பே மலாய்க்கார நோயாளிகள் பலர் டாக்டரைப் பார்த்து, மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம்மவர்கள் கேட்பதில்லை. காரணம் கேட்டால், உபவாசத்தை வெளியே சொல்லக் கூடாது, அந்தரங்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் மெச்ச முகத்தை வாட வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துத்தான் இயேசு அதைச் சொன்னார். கிளினிக்கில் சொல்வது ஊர் மெச்சவா? கத்தோலிக்கச் சபை உபவாச நாளிலும் ஒரு வேளை முழு உணவை அனுமதிக்கிறது. நோயாளிகளைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. மற்றச் சபைகளில், உங்கள் போதகரிடம் தயங்காமல் பேசுங்கள். ஒரு வேளை உணவுக்குப் பதிலாக டிவியையோ கைப்பேசியையோ விட்டுவிட்டு ஜெபிக்கலாம் என்று சொல்கிற போதகர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, இதைவிட வேதனையானது. "ஜெபிச்சாங்க, சுகமாயிருச்சு" என்று மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது கர்த்தர் கேட்டார். 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள். 2 இராஜாக்கள் 20-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். ஜெபத்துக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மருந்து வருகிறது.

ஜெப வாழ்க்கை உள்ளவர்களிடம் ஒரு பெரிய பலம் உண்டு: நேரம் தவறாமை. பால்மரம் சீவிய காலத்திலிருந்து விடியுமுன் எழுந்து ஜெபித்துப் பழகிய ஒரு பாட்டி, வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே பழைய மைலோ டின்னில் மாத்திரைகளை வைத்திருக்கிறார். மேலே மூக்குக் கண்ணாடி. கண்ணாடியை எடுக்காமல் வேதம் வாசிக்க முடியாது. எடுத்தால் டின் கண்ணில் படும். ஜெபம், பசியாறல், மாத்திரை என்று ஒரே வரிசை. இரத்தப் பரிசோதனையில் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எங்களையே சந்தோஷப்படுத்துகிறது.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவும் ஜெபத்தை விடவில்லை. உபவாச நாளில் எந்த மாத்திரையை எப்போது போடுவது, சர்க்கரை எவ்வளவு இறங்கினால் உடனே உபவாசத்தை முடிப்பது என்று டாக்டர் அவருடைய சுகர் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை மாலையானால் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: "மிஸ்ஸி, நாளைக்கு ஜெபம். புத்தகத்தப் பார்த்துட்டேன். சீனியும் பையில போட்டுட்டேன்."