ஒரு லிங்க் போட்டால் கூகுளில் பக்கம் ஏறுமா? அளந்து பார்க்கும் முறை

சென்னையில் ஏசி சர்வீஸ் செய்யும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி, அடையாறு, நங்கநல்லூர், அம்பத்தூர், தாம்பரம் என்று ஏரியாவுக்கு ஒன்றாக 40 பக்கங்கள் இருக்கின்றன. கூடவே, ஏசியில் தண்ணீர் ஒழுகுவது ஏன், கேஸ் ஃபில்லிங் எப்போது தேவை என்பது போன்ற 100 கட்டுரைகள். இந்தக் கட்டுரைகளில் ஐந்திலிருந்து வேளச்சேரிப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கிறார்கள். ஏப்ரல் பிறந்ததும் பக்கம் 12ஆம் இடத்திலிருந்து 7க்கு வருகிறது, கிளிக் இரட்டிப்பாகிறது. லிங்க் வேலை செய்துவிட்டதாகவே எல்லோரும் முடிவு கட்டுவார்கள்.

அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது. ஏப்ரலில் ஏசிக்காகத் தேடுவோர் எண்ணிக்கை தானாகவே ஏறும். போட்டித் தளம் ஒன்று இறங்கியிருக்கலாம். கூகுளே தன் கணக்கை மாற்றியிருக்கலாம்: 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய கோர் அப்டேட் (வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) முடிய ஏப்ரல் 19 ஆனது. அந்த ஆறு வாரத்தில் லிங்க் சேர்த்தவர்கள் கண்ட ஏற்ற இறக்கத்தில் எது லிங்க்கினால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஒப்பிட லிங்க் சேர்க்காத சில பக்கங்களை, அதாவது ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை, முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தால் ஒழிய.

லிங்க்கை வைத்துப் பக்கங்களை வரிசைப்படுத்தும் கணக்கை ஸ்டான்ஃபோர்டில் இருந்த லேரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்டார்கள். பேஜ்ரேங்க் என்ற அந்த முறையில், ஒரு பக்கம் தன் மதிப்பை 0.85ஆல் பெருக்கி, தன்னிடமிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குச் சமமாகப் பங்கு வைக்கிறது. மதிப்பு 1 உள்ள பக்கத்தில் 30 லிங்க் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.028 போகும். இன்றைய கூகுள் இவ்வளவு எளிமையாகக் கணக்குப் போடுவதில்லை. 2004இல் விண்ணப்பித்து 2010இல் பெற்ற ஒரு காப்புரிமையில், பயனர் அழுத்தக்கூடிய வாய்ப்பு அதிகமுள்ள லிங்க்குக்குப் பெரிய பங்கு தரும் முறையை அது விவரித்திருக்கிறது: கட்டுரைக்குள் இருக்கும் லிங்க் ஒரு விதம், பக்கத்தின் அடியில், ஃபுட்டரில் சின்ன எழுத்தில் கிடக்கும் லிங்க் வேறு விதம். காப்புரிமை இருப்பதனால் அது அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனாலும் சோதனையில் எல்லா லிங்க்கையும் ஒரே மாதிரி இடத்தில் வைக்க இதுவே போதிய காரணம். கட்டுரையின் முதல் இரண்டு பத்திக்குள் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வேலையின் உண்மையான சிக்கல் இனிமேல்தான் வருகிறது. ஒரு லிங்க் சேர்க்கும்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பக்கத்துக்கு வரும் மதிப்பு கூடுகிறது. லிங்க்கின் சொற்கள், அதாவது ஆங்கர் டெக்ஸ்ட், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்குச் சொல்கிறது. பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் அந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வரத் தொடங்கி, பழைய பதிப்புக்குப் பதில் புதியது இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், ஏறுகிறது. ஏற்றத்துக்கு மூன்றாவதே காரணமாக இருந்து, பாராட்டு முதலாவதுக்குப் போய்ச் சேருவதும் உண்டு.

ஆகவே லிங்க் சேர்க்கும் முன் 40 பக்கங்களையும் சைட்மேப்பில் (தளத்தின் முகவரிகளை கூகுளுக்குத் தரும் பட்டியல்) சேர்த்து, தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது கிரால் ஆனது, அதாவது கூகுள்பாட்டால் படிக்கப்பட்டது என்று பாருங்கள். பல மாதம் தொடப்படாத பக்கம் இருந்தால் அதை முதலில் கிரால் ஆக விட்டு, நிலைமை அடங்கிய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. கடந்த எட்டு வார இம்ப்ரஷனும் (தேடல் முடிவில் பக்கம் தோன்றிய எண்ணிக்கை) இடமும் ஏறத்தாழ ஒத்திருக்கும் பக்கங்களை இரண்டிரண்டாக இணைத்தால் 20 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் லிங்க் பெறுவது எது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். கையால் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் பக்கத்தையே மனம் தேடிப் பிடிக்கும். காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் புகுந்தால் அந்த ஏரியாக்களின் தேடல் மட்டும் தனியாகத் துள்ளும், அண்ணா நகருடன் போட்ட ஜோடி குலைந்துவிடும். பொங்கல் கழிந்து மார்ச் வரையிலான வாரங்கள் இந்தத் துறைக்குத் தோதானவை.

லிங்க் தரும் கட்டுரைகளிலும் கவனம் வேண்டும். லிங்க் பெறும் 20 பக்கங்களுக்கும் தலா 5 என்றால் 100 லிங்க் தேவை. 100 கட்டுரையிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கட்டுரைக்கு 30 லிங்க் என்பது 31 ஆகும், மற்ற லிங்க்குகளின் பங்கு 3 சதவீதம் அளவுக்குக் குறையும். பலர் செய்வது வேறு. எல்லாக் கட்டுரையின் ஓரத்திலும் ஒரு பெட்டி வைத்து அதில் 20 லிங்க்கையும் கொட்டிவிடுகிறார்கள். அப்போது 30 என்பது 50 ஆகிறது, பழைய லிங்க் ஒவ்வொன்றின் பங்கும் 40 சதவீதம் சரிகிறது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அந்தக் கட்டுரைகளிலிருந்து லிங்க் இருந்தால் அந்தப் பக்கங்கள் கீழே போகும், லிங்க் பெற்ற குழு ஏறியதுபோல் தோன்றும். மருந்துச் சோதனையில் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரை இன்னொருவர் உடம்பில் குறைவதில்லை. ஒரே தளத்துக்குள் நடக்கும் லிங்க் சோதனையில் குறையும்.

இந்த லிங்க்கைப் பின்தொடர வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் நோஃபாலோ குறியைப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. 2005இல் அறிமுகமான அந்தக் குறி இருக்கும் லிங்க்கின் பங்கு மற்ற லிங்க்குகளுக்குத் திரும்பிப் போவதில்லை என்று கூகுள் 2009இலேயே விளக்கிவிட்டது. 2019இலிருந்து அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

போட்ட லிங்க் கூகுளின் கண்ணில் பட்டதா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கூகுள்பாட் பட்டனை அழுத்தாது, பக்கத்தை உருட்டாது. 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால்தான் வரும் லிங்க் அதற்கு இல்லாததுதான். முகவரியைத் தாங்கும் ஹெச்ரெஃப் இல்லாமல் ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் ஓடும் லிங்க்கும் அப்படியே. 2023 அக்டோபரில் கூகுள் மொபைல்-ஃபர்ஸ்ட் இண்டெக்ஸிங் (பக்கத்தின் மொபைல் வடிவத்தையே படித்துப் பட்டியலிடுவது) மாற்றம் முடிந்ததாக அறிவித்தது. ஆகவே கணினித் திரையில் பக்கவாட்டில் தெரிந்து, மொபைல் தீமில் காணாமல் போகும் லிங்க்குகளை நம்ப முடியாது. படத்தின் மேல் லிங்க் இருந்தால் படத்தை விவரிக்கும் ஆல்ட் எழுத்தே ஆங்கராக எடுக்கப்படும். அது காலியாக இருந்தால் அந்த லிங்க் எதைப் பற்றியது என்பது கூகுளுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

தமிழில் முகவரி வைக்கும் தளங்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது, கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்து. ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து வீதம் வெவ்வேறு நீளத்தில் இரண்டு முகவரிகள் பிறக்கின்றன. கொளத்தூர், கோடம்பாக்கம், போரூர் என்று கொம்பும் காலும் வரும் ஏரியாக்கள் சென்னையில் நிறைய. ஒருவர் ஒரு கீபோர்டில் உருவாக்கிய முகவரியை இன்னொருவர் வேறு கீபோர்டில் தட்டி லிங்க் கொடுத்தால் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை வரலாம். முகவரியைத் தட்டாமல், திறந்த பக்கத்திலிருந்தே நகலெடுங்கள். பிறகு தளத்தின் லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்க்கும் ஒரு கிராலரை ஓட்டி 404உம் ரீடைரெக்டும் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற கிராலரின் இலவசப் பதிப்பு 500 முகவரி வரை பார்க்கும், இந்த அளவு தளத்துக்கு அது போதும்.

சோதனையின் முதல் நாள் என்பது லிங்க்கைப் பதிவேற்றிய நாள் அல்ல. அதைத் தாங்கிய கட்டுரையை கூகுள்பாட் மறுபடி படித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்பதைப் பதியும் சர்வர் லாகில் அந்தத் தேதி இருக்கும். கூகுள்பாட் என்று பெயர் போட்டு வரும் போலிகளும் உண்டு, எனவே வந்த ஐபி எண்ணை, அது எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் பார்த்து அது கூகுளுடையதுதானா என்று தெரிந்துகொள்வது நல்லது.

இனி எண்களை வாசிப்பது. சராசரி இடம் என்ற ஒற்றை எண் மோசமாக ஏமாற்றும். ஒரு பக்கம் ஒரு தேடலுக்கு 100 இம்ப்ரஷனுடன் 8ஆம் இடத்தில் இருந்தது. லிங்க் வந்த பின் அதே தேடலில் 6க்கு ஏறிவிட்டது. கூடவே, முன்பு தலைகாட்டாத ஒரு புதிய தேடலில் 40ஆம் இடத்தில் 300 இம்ப்ரஷன் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தால் சராசரி 31.5. பக்கம் உண்மையில் முன்னேறியிருக்கிறது, அறிக்கையோ 8லிருந்து 31க்கு விழுந்ததாகச் சொல்கிறது. இதைத் தவிர்க்க, சோதனை தொடங்கும் முன்பே பக்கத்துக்கு ஐந்தாறு தேடல் சொற்களைக் குறித்து வைத்து, கடைசி வரை அவற்றை மட்டுமே அளக்க வேண்டும். நாடு இந்தியா, கருவி மொபைல் என்று வடிகட்டி, வாரக் கணக்காகப் பாருங்கள். சர்ச் கன்சோல் ஊர் வாரியாகப் பிரித்துத் தராது. அம்பத்தூரில் தேடியவரும் அடையாறில் தேடியவரும் ஒரே எண்ணுக்குள் கலந்திருப்பார்கள். வெளிக்காரணம் இங்கேயும் நுழையும்: ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வசதி 2025 செப்டம்பரில் நின்றபோது, பல தளங்களில் இம்ப்ரஷன் குறைந்து சராசரி இடம் திடீரென்று மேம்பட்டதாகத் தெரிந்தது.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, ஒவ்வொரு ஜோடியிலும் லிங்க் பெற்றது தன் இணையைவிட அதிகம் முன்னேறியதா என்று மட்டும் எண்ணுங்கள். 20இல் 15 ஜோடி ஆம் என்றால், லிங்க்குக்கு எந்த விளைவும் இல்லாமல் 15ஓ அதற்கு மேலோ அமைய வாய்ப்பு 100க்கு 2 தான். 14 என்றால் அது 6ஐ நெருங்கும். அந்த நிலையில் முடிவைத் தள்ளிவைத்து, ஜோடிகளைக் கூட்டி மறுபடி செய்வதுதான் சரி. கணக்கு சிக்கலாக இல்லாமலிருப்பதே இதன் பலம், ஒரு பக்கத்தின் பெரிய துள்ளல் மொத்த முடிவையும் இழுத்துக்கொண்டு போகாது.

ஆங்கரின் பங்கை அறிய இரண்டாம் சுற்று வேண்டும். முதல் சுற்றில் எல்லா ஆங்கரும் வெறும் ஏரியா பெயராகவே இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் லிங்க்கைத் தொடாமல், ஜோடிகளில் பாதியில் மட்டும் சொற்களை 'வேளச்சேரி ஏசி சர்வீஸ்' என்று மாற்றுங்கள். மதிப்பு அப்படியே இருக்க, சொல் மட்டும் மாறுகிறது. அந்தப் பக்கங்களுக்கு மெனுவிலிருந்தும் லிங்க் இருந்தால் இந்தச் சுற்றைச் செய்ய வேண்டாம். ஒரே பக்கத்திலிருந்து ஒரே முகவரிக்கு இரண்டு லிங்க் போகும்போது எந்த ஆங்கர் கணக்கில் வரும் என்பது குழப்பமானது, மெனு நிரலில் முதலில் வருவதால் உங்கள் மாற்றம் எண்ணப்படாமலே போகலாம்.

விளைவு கிடைத்ததும் எல்லாப் பக்கத்துக்கும் லிங்க் போட்டுவிடாமல், லிங்க் பெற்றவற்றில் பாதியிலிருந்து அதை எடுத்துப் பாருங்கள். லிங்க்கினால் ஏறியதென்றால் அந்தப் பத்தும் சரிய வேண்டும், மற்றப் பத்தும் நிற்க வேண்டும். சரிவு ஏற்றத்தைவிட மெதுவாக வரலாம், எனவே கட்டுரைகள் மறுபடி கிரால் ஆன பிறகு இன்னொரு எட்டு வாரம் விடுங்கள். இந்தப் பகுதி ஏப்ரலுக்குள் நுழைந்துவிடும், அப்போது கிளிக்கை விட்டுவிட்டு, குறித்து வைத்த தேடல் சொற்களின் இடத்தை மட்டும் பாருங்கள்.