அரைகுறைக் கட்டு ஏன் ஆபத்து?

டிராக்டரின் பின்னால் இருக்கும் பிடிஓ தண்டு (எஞ்சின் சக்தியை மற்றக் கருவிகளுக்குக் கடத்தும் சுழல்தண்டு) வழக்கமாக நிமிடத்துக்கு 540 முறை சுழலும். நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. ஓடிவருபவர் முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரும் சிக்குவார்.

அடுத்தது ரத்தம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ஓடுகிறது. 2 லிட்டர் போனாலே உயிர் ஊசலாடும். தொடையின் பெரிய தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அறுந்தால் அதற்குச் சில நிமிடங்களே போதும்; ஆம்புலன்ஸ் அதற்குள் வயலுக்கு வந்து சேராது. சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து, முழு பலத்தோடு விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துவிடும்.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்கவில்லையென்றால் டூர்னிகெட் கட்ட வேண்டும்; ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்கமான பட்டைக் கட்டு அது. பரிதாபப்பட்டு லேசாகக் கட்டுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரைகளில் அழுத்தம் குறைவு. லேசான கட்டிலேயே மூடிக்கொள்ளும். தமனியில் இதயம் தள்ளும் வேகம் இருப்பதால் அது மூடாது. உள்ளே வரும் ரத்தம் திரும்ப வழியின்றிக் காயத்தின் வழியே இன்னும் அதிகமாகக் கொட்டும். ஆகவே வலியில் அலறினாலும் ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டில் படாமல் கட்ட வேண்டும். பட்டை 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும்; மெல்லிய கயிறும் கம்பியும் நரம்பை நசுக்கிவிடும். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். சுமார் 2 மணி நேரம் வரை உறுப்பு பொதுவாகத் தாங்கும். இடையில் நீங்களாகத் தளர்த்த வேண்டாம்.

துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். குளிரில் செல்களின் ஆக்சிஜன் தேவை குறையும். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெடும். இயந்திரம் பிய்த்தெடுத்த கையை ஒட்டுவது மிகவும் கடினம்தான். ஆனாலும் தேடி எடுத்து அனுப்புங்கள். முடிவை அறுவை சிகிச்சை மருத்துவர் எடுக்கட்டும்.

அடிபட்டவருக்கோ கதகதப்பு வேண்டும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் ரத்தத்தை உறையவைக்கும் நொதிகள் மந்தமாகிவிடும். ஈர உடையைக் களைந்து போர்வை போர்த்துங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். உடனே மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டியிருக்கலாம்.