வீட்டில் தமிழ் கதைப்பது காரணம் அல்ல

"மிஸ், வீட்டிலை தமிழ் கதைக்கிறதாலைதானே பிள்ளைக்குப் பேச்சு வரேல்லை? இனி இங்கிலிஷிலையே கதைக்கட்டோ?"

சர்ரே கவுண்டியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சென்கோவாக, அதாவது சிறப்புக் கல்வித் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியராக இருக்கிறேன். தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். வேண்டாம், தமிழிலேயே கதையுங்கள் என்பேன். வீட்டு மொழி வேறாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கருதக்கூடாது என்று இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டமே சொல்கிறது.

ஆனால் இந்த நல்ல விதி சில பிள்ளைகளுக்கு வினையாகியும் விடுகிறது. நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். ஆங்கிலம் புதிது, போகப்போகச் சரியாகும் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டோம். ஒரு நாள் கூட்டிப்போக வந்த அம்மம்மாவிடம், தமிழில் எப்படி என்று கேட்டேன். "செருப்பை எடுத்துக்கொண்டு வா எண்டாலும் விளங்காது பிள்ளை" என்றார். அந்த ஒரு கேள்வியை முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும். இரண்டு மொழியிலும் பின்தங்கினால் அது ஆங்கிலப் பிரச்சினை இல்லை. பேச்சுச் சிகிச்சையாளர் பார்க்கும்போது தமிழிலும் பார்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

டொக்டர் ஓட்டிசம் என்று எழுதித் தரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளி உதவி தருவது தேவையைப் பார்த்து. நோயின் பெயரைப் பார்த்து அல்ல. அந்த உதவி போதாவிட்டால் ஈ.எச்.சி. திட்டம் இருக்கிறது, அதாவது பிள்ளைக்கு வேண்டிய கல்வி, சுகாதார, பராமரிப்பு உதவிகளை எழுதிவைக்கும் சட்டபூர்வத் திட்டம். பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை, பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம், அதற்கான மதிப்பீட்டைக் கேட்கலாம். பள்ளி முதலில் 6,000 பவுண்ட் செலவழித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருக்கக்கூடுமா, அதற்கு ஒரு திட்டம் தேவைப்படக்கூடுமா, இவ்வளவுதான் மதிப்பீட்டுக்குச் சட்டம் பார்ப்பது. மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரத்துக்குள் பதில் வர வேண்டும். முழுத் திட்டமும் 20 வாரத்துக்குள். நடைமுறையில் பிந்தத்தான் செய்கிறது. ஆனால் கவுன்சிலுக்கு உங்கள் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கே. பள்ளி வாசலில் ஆசிரியையிடம் சொன்னது கணக்கில் வராது.

எந்தக் கவுன்சில் என்பதிலும் கவனம் தேவை. நியூ மோல்டன், டோல்வர்த், சட்டன், மிச்சம் எல்லாம் தபால் முகவரியில் சர்ரே என்றிருக்கும். 1965இலிருந்து அவை லண்டன் பெருநகரப் பகுதிகள். பிள்ளை எங்கே படிக்கிறது என்பதல்ல, எங்கே வசிக்கிறது என்பதே கணக்கு. பிழையான கவுன்சிலுக்கு எழுதி வாரக்கணக்கில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரைவுத் திட்டம் வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு. நேரே எஃப் பகுதிக்குப் போங்கள், கல்வி உதவிகள் எழுதப்படுவது அங்கேதான். 'தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி' என்றிருந்தால் கையெழுத்திட அவசரப்படாதீர்கள். யார் கொடுப்பது, வாரத்தில் எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று இருக்க வேண்டும். எஃப் பகுதியில் இருக்கும் கல்வி உதவியைக் கொடுத்தே ஆக வேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை. 'தேவைக்கேற்ப' என்பதை வைத்துக்கொண்டு எதைக் கேட்பீர்கள்?

கவுன்சில் மறுத்துவிட்டால் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யப் பொதுவாக 2 மாதம் உண்டு. "அரசாங்கத்தோடை வழக்கோ?" என்று நம்மவர்கள் பின்வாங்குவது எனக்கு மிகவும் கவலை தருகிறது. தீர்ப்பு வரை போகும் வழக்குகளில் நூற்றுக்கு 95க்கும் மேல் பெற்றோர் பக்கமே முடிகின்றன. கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. சர்ரேயில் அதற்கு சென்ட் அட்வைஸ் சர்ரே என்று பெயர்.

ஆங்கிலம் பிழைத்துவிடும் என்று கடிதத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இரண்டு வரி போதும்: என் மகனுக்குச் சிறப்புக் கல்வித் தேவைகள் இருக்கலாம், ஈ.எச்.சி. மதிப்பீடு செய்யும்படி கேட்கிறேன். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, அன்றைய தேதி. மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.